மைனஸ் ஐந்து ரூபாய்

ஆடி மாதம் பிறந்த வீட்டுக்குப் போன என் மனைவியைத் திரும்பக் கூட்டிவர நான் இருபடிச் சமன்பாடு படிக்க வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைகள் அதை அப்படி அழகாகத் தமிழில் சொல்கிறார்கள். எங்கள் காலத்தில் அதற்குக் குவாட்ராடிக் என்று பெயர். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு தடவை நான் கவிழ்ந்தது அந்த இடத்தில்தான். மற்ற பாடங்களில் என்னதான் வாங்கியிருந்தாலும் கணக்கு ஒன்றில் தவறினால் பரீட்சை மொத்தமும் போயிற்று. மறுபடி எழுதுவதென்றால் முதலிலிருந்து எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

அப்போது நான் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் இங்கிலீஷ் குமாஸ்தா. தோல் பதனிடும் இடத்தைத்தான் எங்கள் பக்கத்தில் ஷாப் என்பார்கள். ஏதோ கடை என்று நினைத்து உள்ளே நுழைந்த வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சென்னப்பட்டணத்துக் கம்பெனிகளிலிருந்து வரும் கடிதங்களை முதலாளிக்கு வாசித்துச் சொல்வதும், அவர் உருதுவும் தமிழும் கலந்து திட்டுவதை மரியாதையான இங்கிலீஷில் பதிலாக எழுதுவதும் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு.

என் மாமனார் ஆலங்காயத்தில் பட்டைத் தரகர். தோல் பதனிட ஆவாரம்பட்டை வேண்டும், கடுக்காய் வேண்டும். மலையோரத்திலிருந்து அதைக் கொண்டுவருகிறவர்களுக்கும் ஷாப் முதலாளிகளுக்கும் நடுவில் நின்று விலை முடித்துக் கொடுப்பது அவர் தொழில். அந்தத் தொழிலில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்தும் மடக்கியும் பேசுவார்கள். சுற்றி நிற்கிற பத்துப் பேருக்கும் துண்டு ஆடுவது மட்டும் தெரியும். இப்படியே காலமெல்லாம் பேசிப் பழகியதாலோ என்னவோ, மனிதர் வாயைத் திறந்து மனதில் இருப்பதைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை.

கல்யாணம் பேசிய பெரியவர், மாப்பிள்ளை மெட்ரிகுலேஷன் வரைக்கும் படித்தவர் என்று சொல்லியிருந்தார். அதில் பொய் ஒன்றும் இல்லை. மாமனார் அதைத் தம் வசதிக்கு ஏற்பக் கேட்டுக்கொண்டு, மெட்ரிகுலேஷன் மாப்பிள்ளை என்று ஆலங்காயம் சந்தை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டார். வைகாசியில் கல்யாணம். ஆனி முழுக்க நாங்கள் ஆம்பூரில் ஒரு சின்ன வாடகை வீட்டில் சந்தோஷமாக இருந்தோம். பட்டை வாசனையில் வளர்ந்தவள் என்றாலும் தோல் நாற்றம் அவளுக்குப் பழக்கமில்லை. சாயங்காலம் நான் வந்ததும் என் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கிக் கொல்லைக் கொடியில் போட்டுவிட்டு, "இது ராவுக்கு வெளிய தூங்கட்டும், நீங்க மட்டும் உள்ள வாங்க" என்பாள். ஆடி பிறந்ததும் வழக்கப்படி அவள் அப்பா வந்து அழைத்துப் போனார்.

அன்றைக்கு அவர் ஷாப்புக்கும் வந்தார், பட்டை விலை பேசுவதற்காக. அங்கேதான் வினை. முதலாளியின் மகனுக்கு என் வயது. எனக்கு அவன் கூட்டாளி. அவனும் அதே பரீட்சையில் அதே இரண்டு தடவை விழுந்தவன். மாமனாரைப் பார்த்த மகிழ்ச்சியில் அவன் சொன்னான்:

"உங்க மாப்ளயும் நானும் தோஸ்துங்க. இந்த வருசம் மூணாவது வாட்டி பரீட்சைக்குக் கட்டியிருக்கோம். ரெண்டு வாட்டி கணக்கு எங்கள பேஜார் பண்ணிடுச்சு!"

மாமனார் வெற்றிலையை மென்று முடித்தார். பட்டை விலையையும் முடித்தார். மகளோடு ரயிலேறிப் போய்விட்டார்.

ஆவணி பிறந்ததும் நான் அவளைக் கூட்டிவரப் போனேன். வாணியம்பாடி வரை ரயில், அங்கிருந்து ஆலங்காயத்துக்கு மாட்டு வண்டி. வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டார்கள். சாப்பிட்டுக் கை கழுவியதும் மாமனார் மிகவும் பணிவாகச் சொன்னார்:

"மாப்ள தப்பா நினைக்கக் கூடாது. சரக்கப் பத்தி சொல்றதும் சரக்கும் ஒண்ணா இருக்கணும்னு சொல்றவன் நான். பரீட்ச பாஸ் பண்ணிட்டு வாங்க. நானே வண்டி கட்டி அனுப்பறேன்."

ஆடிக்கு அழைக்காத மாமியாரைத் தேடிப்போய் அடிக்கச் சொல்லிப் பழமொழியே இருக்கிறது. அழைத்துக்கொண்டு போய்விட்டுத் திருப்பி அனுப்பாத மாமனாரை என்ன செய்வது என்று எந்தப் பெரியவரும் சொல்லி வைக்கவில்லை. மாமியார் இருந்தால் அழுது கிழுது பார்க்கலாம். அந்த அம்மாள் என் மனைவி சிறு பெண்ணாக இருக்கும்போதே போய்விட்டார். மாமனாரின் அக்கா ஒருத்திதான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். தம்பி சொன்னால் அவளுக்கு வேதவாக்கு. சமையல் கட்டு வாசற்படியில் என் மனைவியின் புடவை ஓரம் மட்டும் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு வண்டி ஏறினேன். வாணியம்பாடி வரைக்கும் வண்டிக்காரன் என்னவோ பேசிக்கொண்டே வந்தான். ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

அன்றிலிருந்து நானும் என் கூட்டாளியும் ஷாப்பின் பட்டைக் கிடங்கில் உட்கார்ந்து அல்ஜீப்ரா போட ஆரம்பித்தோம். ஊரில் அமைதியான இடம் அது ஒன்றுதான். அந்தப் பக்கம் காரணம் இல்லாமல் யாரும் வர மாட்டார்கள்.

அல்ஜீப்ரா புத்தகத்தில் வருகிற மனிதர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வியாபாரி சரக்கு வாங்குவான், என்ன விலைக்கு வாங்கினான் என்பது மட்டும் அவனுக்கு நினைவிருக்காது. ஒருவன் தொட்டியில் தண்ணீர் விட்டுக்கொண்டே கீழே இருக்கும் ஓட்டையையும் திறந்து வைப்பான். ஒரு தகப்பன் தன் வயதைக் கேட்டால் நேராகச் சொல்லாமல், ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் மகனைப் போல் ஏழு மடங்கு என்பான். எங்கள் ஷாப்பில் இப்படி ஒருத்தன் இருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் சீட்டைக் கிழித்திருப்பார்கள். இவர்களுடைய மறதிக்கு நான் என் பெண்டாட்டியைப் பிரிந்து உட்கார வேண்டியிருந்தது.

என் தொல்லை வேறு, கூட்டாளியின் தொல்லை வேறு. நான் ஒவ்வொரு படியாக அழகாக எழுதிக்கொண்டே போவேன். பாதி வழியில் ஒரு மைனஸ் எங்கேயோ நழுவி விழுந்திருக்கும். கடைசியில் முக்கால் மனிதனோ எதிர்மறைக் குதிரையோ வந்து நிற்கும். அவனோ கணக்கை ஒருமுறை வாசித்துவிட்டு நேராக விடையைச் சொல்வான். எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது.

"ஆறு ரூபா" என்பான்.

"ஸ்டெப் எழுதணும்யா."

"ஸ்டெப் இன்னா ஸ்டெப்பு? தோணிச்சு. அவ்ளோதான்."

தோணிச்சு என்பதற்குப் பரீட்சைக்காரர்கள் மார்க் கொடுப்பதில்லை. நான் அவனைப் பிடித்து வைத்துப் படி எழுத வைத்தேன். அவன் என் மைனஸ்களைப் பிடித்துக் கொடுத்தான். அவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெரிய விஷயம் ஒன்று உண்டு. குவாட்ராடிக்கில் எப்போதும் இரண்டு விடை வரும். அதில் ஒன்று பெரும்பாலும் மைனஸாக இருக்கும். அதைக் கண்டு நான் இரண்டு வருஷமும் நடுங்கிப்போய், போட்டதை எல்லாம் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்திருந்தேன்.

"பயந்துக்காதே தோஸ்த்" என்றான் அவன். "மைனஸ் வந்தா கணக்கு சரியா வந்துச்சுன்னு அர்த்தம். அது பக்கத்துல இன்அட்மிஸிபிள், அதாவது செல்லாதுன்னு எழுதித் தள்ளிடு. அப்படித் தள்றதுக்கே ஒரு மார்க் கீது."

தள்ளுவதற்கு மார்க் கொடுக்கிற ஒரே சாஸ்திரம் அது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அதன் பிறகு கணக்கு எனக்குப் படிய ஆரம்பித்தது. ஐப்பசி பிறக்கும்போது பத்துக்கு ஏழாவது சரியாக வந்தது. ராத்திரி வீட்டுக்குப் போனால் மட்டும் மனம் ஒன்றிலும் நிற்காது. சட்டையைக் கழற்றி நானே கொடியில் போடுவேன். உள்ளே வாருங்கள் என்று சொல்ல யாரும் இல்லாத வீட்டுக்குள் போவது பெரிய வேதனை.

தீபாவளி வந்தது. எங்களுக்கு அது தலைதீபாவளி. மகளை அனுப்பாமல் வைத்திருக்கலாம், தலைதீபாவளிக்கு மாப்பிள்ளையை அழைக்காமல் இருக்க முடியாது. ஊர் காறித் துப்பும். மாமனார் முறையாக ஆள் அனுப்பி அழைத்தார். போனேன். விடியுமுன் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டி, அதிரசமும் முறுக்கும் தின்று, மாப்பிள்ளை முறுக்கை வெளியில் காட்டாமல் மரியாதையாகவே இருந்தேன். என் மனைவி எனக்குப் பலகாரம் வைக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாள். அதற்காக இன்னும் நூறு கணக்கு போடலாம் என்று தோன்றியது.

மத்தியானம் உறவுக்காரர்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். அவர்களில் மாமனாரின் பங்காளி ஒருவர். அவருக்கும் பட்டைத் தரகுதான் தொழில். ஆகவே இருவருக்கும் ஆகாது. அவர் வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டே பொதுவாகச் சொன்னார்:

"மெட்ரிகுலேஷன் மாப்ளன்னாங்க. இன்னும் பரீட்சயே முடியலன்னு கேள்வி. ஏட்டுச் சுரைக்காயாவது இருந்தாத்தானே கறிக்கு உதவுமா உதவாதான்னு பேச முடியும்!"

சிரித்தார்கள். மாமனாரின் முகம் கறுத்தது. என்னை அவர் எவ்வளவு வேண்டுமானாலும் மட்டம் தட்டலாம், அது வீட்டு விவகாரம். பங்காளி தட்டினால் அவருக்குப் பொறுக்காது. சட்டென்று எழுந்து, அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

"மாப்ள, ஒரு கணக்கு போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

"எதில் மாமா?"

"இதோ செவுரு கீதே."

தீபாவளிக்கென்று அப்போதுதான் வெள்ளையடித்த சுவர். "ஐயோ, செவுரு!" என்று அவருடைய அக்கா உள்ளேயிருந்து கத்தினாள். தம்பி திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டாள்.

அவருக்குப் பிடிக்கட்டும் என்று நான் தோல் கணக்காகவே ஒன்றை எடுத்தேன். கிடங்கில் போட்டுப் போட்டு மனப்பாடம் ஆனது. ஒரு வியாபாரி இருநூற்று நாற்பது ரூபாய்க்குத் தோல் வாங்கினான். தோல் ஒன்றுக்கு ஒரு ரூபாய் விலை கம்மியாக இருந்திருந்தால் அதே பணத்துக்கு எட்டுத் தோல் ஜாஸ்தி கிடைத்திருக்கும். அப்படியானால் ஒரு தோல் என்ன விலை?

"வாங்கினவன கேட்டா சொல்லிட்டுப் போறான்" என்றார் பங்காளி. நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"விலை எக்ஸ் என்று வைத்துக்கொள்வோம்" என்று சுவரில் எழுதினேன்.

"எக்ஸுன்னா இன்னா?" என்று மாமனார் கேட்டார்.

"தெரியாத விலை மாமா."

"தெரியாத வெலைய மொதல்லயே எழுதிடுவீங்களா?" அவருக்கு ஆச்சரியம். "எங்க தொழில்ல தெரிஞ்ச வெலையவே மூடி வச்சிக்கினுதான் பேசுவோம்."

இருநூற்று நாற்பதை எக்ஸால் வகுத்தால் வாங்கிய தோல். எக்ஸில் ஒன்று குறைத்து அதால் வகுத்தால் கம்மி விலைக்குக் கிடைத்திருக்கக்கூடிய தோல். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் எட்டு. இவ்வளவையும் எழுதி, கீழே இருப்பதை மேலே பெருக்கிக்கொண்டு வந்தேன். இடது பக்கம் எக்ஸ் எல்லாம் அடிபட்டு வெறும் இருநூற்று நாற்பது நின்றது. வலது பக்கம் எட்டு, எக்ஸ், எக்ஸ் மைனஸ் ஒன்று. இரண்டு பக்கத்தையும் எட்டால் வகுத்தேன். எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் முப்பது, சமம் பூஜ்யம்.

"இவ்ளோ பாடுபட்டு பூஜ்யமா?" என்றார் பங்காளி.

"இன்னும் முடியலை" என்றேன். "பெருக்கினால் மைனஸ் முப்பது, கூட்டினால் மைனஸ் ஒன்று வருகிற மாதிரி இரண்டு எண் வேண்டும். மைனஸ் ஆறு, பிளஸ் ஐந்து. ஆகவே எக்ஸ் ஆறு. தோல் ஒன்று ஆறு ரூபாய்."

மாமனார் ஒரு விநாடி கண்ணை மூடினார். "ஆறு ரூபான்னா நாப்பது தோலு. அஞ்சு ரூபான்னா நாப்பத்தெட்டு. எட்டு ஜாஸ்தி. சரியா வந்துடுச்சே!" என்று பங்காளியைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கூடத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். பங்காளி சுண்ணாம்பு தேடினார்.

அங்கே கரித்துண்டைக் கீழே போட்டிருக்க வேண்டும். புத்திசாலி அப்படித்தான் செய்திருப்பான். எனக்கோ மூன்று மாதப் பழக்கம், ஒரு மார்க்கை விட மனம் வரவில்லை. பக்கத்தில் இன்னொரு வரி எழுதினேன்.

"அல்லது, மைனஸ் ஐந்து."

"அல்லதா?" என்றார் மாமனார்.

"இதுக்கு ரெண்டு விடை உண்டு மாமா."

கூடம் கலகலத்தது. ஒரு சரக்குக்கு இரண்டு விலை சொல்கிறவனை அந்தச் சந்தையில் என்ன பெயரால் அழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும். பங்காளி அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லியும் விட்டார். மாமனாருக்கு என் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே. தோளில் இருந்த துண்டை எடுத்து என் கையின்மேல் போட்டார். அடியில் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, பிறகு மேலே ஓர் அரை என்பதற்குச் சுண்டுவிரலைப் பாதியில் மடக்கினார்.

"முடிஞ்சிச்சு" என்று எல்லோருக்கும் அறிவித்தார். "ஆறுக்கும் அஞ்சுக்கும் நடுவுல, அஞ்சரை!"

சபை அதை ஏற்றுக்கொண்டது. நியாயமான விலை என்றுகூட ஒருவர் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அஞ்சரை ரூபாயோடு அன்று விருந்து சுபமாக முடிந்திருக்கும். ஆனால் படித்தவன் அல்லவா!

"அப்படி முடிக்கக் கூடாது மாமா. இது ஐந்து இல்லை, மைனஸ் ஐந்து. மைனஸ் என்றால் தலைகீழ். வாங்குகிறவன் பணம் கொடுப்பதற்குப் பதிலாக விற்கிறவன் கொடுக்கணும். தோலையும் கொடுத்து, அதன் மேலே ஐந்து ரூபாயும் கொடுக்கணும்."

கூடமே இடிந்து விழுகிற மாதிரிச் சிரித்தார்கள். "அவன் எந்த ஊருக்காரன்னு சொல்லுங்க மாப்ள, நாளைக்கே வண்டி கட்றேன்" என்றார் பங்காளி. நானும் சிரித்துக்கொண்டே, "அதனால்தான் இந்த விடையைத் தள்ளிவிட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. உலகத்தில் இப்படி யாரும் கொடுக்க மாட்டான்" என்று சொல்லி, மைனஸ் ஐந்தின்மேல் கோடு இழுக்கக் கையைத் தூக்கினேன்.

மாமனார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"இருங்க மாப்ள. ஏன் தள்றீங்க? அப்படிக் குடுக்கறவன் கீறான்."

"யாரு மாமா?"

"நான் குடுத்தேனே" என்றார். "பொண்ணையும் குடுத்தேன். மேல பாத்திரம், பண்டம், மோதிரம் குடுத்தேன். வாங்கிக்கினாங்களேன்னு கையெடுத்துக் கும்பிட்டு வண்டி வச்சு அனுப்பினேன். இன்னா வெலைக்குக் குடுத்தேன்னு எனக்குக் கணக்கு தெரியல இத்தினி நாளா. இதோ எழுதிட்டீங்களே."

பங்காளிக்கும் இரண்டு பெண்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் கரித்துண்டோடு நின்றேன். மூன்று மாதமாக அவர்மேல் நான் வளர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷத்தில் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தாயில்லாமல் வளர்த்த பெண்ணை இன்னும் கொஞ்ச நாள் வீட்டில் வைத்துக்கொள்ள அந்த மனிதருக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நான் ஃபெயிலாகி அதைக் கொடுத்திருந்தேன். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு படியும் தோன்றாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது.

சமையல் கட்டு வாசலில் என் மனைவி வந்து நின்றாள். அத்தனை ஆண்கள் நடுவில் அவள் அப்படி வந்து நின்றதே இல்லை. கையில் ஜல்லிக் கரண்டி.

"நான் இன்னா தோலாப்பா?" என்றாள். "எண்ணெய் சட்டி அடுப்புல கீது. எல்லாரும் சேந்து எனக்கு வெல முடிச்சப்புறம் சொல்லி அனுப்புங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுபடி சிரிப்பு எழுந்தது, இந்த முறை கொஞ்சம் நிம்மதியாக. மாமனாரும் சிரித்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சுவரில் மைனஸ் ஐந்து அடிபடாமல் நின்றது.

ஆனாலும் மனிதர் வாக்கு மாறாதவர். பரீட்சை பாஸாகட்டும் என்று ராத்திரி சாப்பிடும்போது மறுபடி சொன்னார். நானும் சரி என்றேன். அவரிடம் எதிர்த்துப் பேச எனக்கு இப்போது மனமில்லை. மறுநாள் விடிந்ததும் வண்டியில் ஏறப் போனால் அதில் ஒரு பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் என் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

"பரீட்ச அவருக்குத்தானேப்பா, எனக்கு இல்லையே" என்றாள் அப்பாவிடம். "அவரு பாஸாவறதையும் ஃபெயிலாவறதையும் நான் அங்கயே இருந்து பாத்துக்கறேன். வேணும்னா நீ வந்து என்னப் பாரு."

மாமனார் உள்ளே போனார். அதிரசத் தூக்கைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். மறுபடி போய் ஒரு பித்தளை அண்டா. மறுபடி போய் ஒரு மூட்டை கேழ்வரகு. வண்டிக்காரன் மாடு தாங்காது என்று சொல்லும்வரை வைத்தார். ஊர் எல்லை வரைக்கும் வண்டிச் சக்கரத்தின் மேல் கையை வைத்தபடி கூடவே நடந்து வந்தார்.

"மைனஸு ஜாஸ்தியாவே ஆயிக்கினு போவுது மாப்ள" என்றார் என்னிடம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை.

மார்கழியில் வேலூரில் பரீட்சை. நானும் கூட்டாளியும் போய் எழுதினோம். கணக்குத் தாளில் குவாட்ராடிக் வந்தது. இந்தத் தடவை வியாபாரி இல்லை, ஊர் விட்டு ஊர் நடக்கிற ஒருவன். மணிக்கு எத்தனை மைல் நடந்தான் என்று கேட்டிருந்தார்கள். படிப்படியாகப் போட்டேன். இரண்டு விடை வந்தன. ஒன்று மைனஸ். அதன் எதிரே பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். மேற்பார்வையாளர் இரண்டு தடவை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இன்அட்மிஸிபிள் என்று தெளிவாக எழுதி, கோடு இழுத்து, அடுத்த கேள்விக்குப் போனேன்.

பாஸ் ஆனேன். மூன்றாம் வகுப்புதான், ஆனாலும் பாஸ். கூட்டாளி கணக்கில் பிரமாதமாகத் தேறி, இங்கிலீஷில் விழுந்துவிட்டான். தோணியதை எழுதினேன், அவர்களுக்குத் தோணவில்லை என்றான்.

செய்தி தெரிந்து மாமனார் ஆம்பூருக்கு வந்தார். பட்டை விலை பேச வந்ததாகச் சொன்னார். அந்த வருஷம் பட்டை விலை பேச அவர் ஆம்பூருக்கு வந்த மாதிரி அத்தனை தடவை எந்தத் தரகரும் வந்திருக்க மாட்டார். என் மனைவி இலை போட்டாள். நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். பரீட்சையில் என்ன கேட்டார்கள், எத்தனை கேள்வி என்றெல்லாம் அவர் விசாரிக்கவில்லை. சோற்றில் குழி செய்து குழம்பு வாங்கிக்கொண்டவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"அங்கயும் அந்த மைனஸு வந்துச்சா மாப்ள?"

"வந்தது மாமா."

"இன்னா பண்ணீங்க?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். என் மனைவி கரண்டியோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளிட்டேன் மாமா. அப்படித்தான் போடணும். தள்ளாவிட்டால் பாஸ் போட மாட்டான்."

அவர் தலையாட்டினார். சோற்றைப் பிசைந்தார். மகள் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றியபோது போதும் என்று சொல்லாமல் வாங்கிக்கொண்டார்.

"அந்தப் புஸ்தகம் எழுதினவனுக்குப் பொண்ணு இருந்திருக்காது" என்றார்.